தாழ்ந்த கூரைப் பட்டறைக்குத் தூக்குக் கருவி: உயரம் எங்கே போகிறது, எப்படி மீட்பது

கூரை 3 மீட்டருக்கும் குறைவாக உள்ள பட்டறைக்கு ஹாய்ஸ்ட் (செயின் அல்லது கம்பிவடத்தால் சுமையைத் தூக்கும் கருவி) வாங்கும்போது முதலில் எழும் கேள்வி “எத்தனை டன்?” என்பதுதான். ஆனால் இப்படிப்பட்ட இடத்தில் டன் அரிதாகவே தடையாகிறது. அரை டன், ஒரு டன் தூக்கும் கருவிகள் எத்தனையோ வகையில் கிடைக்கின்றன. தடையாவது உயரம். எல்லாவற்றையும் மாட்டி முடித்துச் சுமையை ஏற்றினால், கொக்கி மேலே முட்டி நிற்கும், சுமையின் அடிப்பாகமோ மெஷின் டேபிளுக்கு இரண்டு விரல் கீழேயே இருக்கும். அதன் பிறகு செய்யும் திருத்தம் எல்லாமே செலவு. அந்த உயரம் எங்கெங்கே போகிறது என்பதை வாங்குவதற்கு முன்பே ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மீதிப் பாதி, எதை முதலில் மாற்றுவது என்ற வரிசை.

முதலில் அளவு

கணக்கில் எழுத வேண்டியது கூரையின் உயரம் அல்ல. ஹாய்ஸ்ட் போகும் பாதை முழுவதிலும் ஆகத் தாழ்வாகத் தொங்கும் பொருளின் உயரம். டியூப்லைட் சட்டம், கேபிள் ட்ரே, காற்றுக் குழாய், தீயணைப்புத் தெளிப்பான், ஷட்டர் கதவின் உருளைப் பெட்டி என எது குறுக்கே வந்தாலும் அதுதான் உங்கள் கூரை. தரையும் மட்டமாக இருக்காது. கழிவுநீர் ஓடுவதற்காகச் சரிவு வைத்த தளத்தில் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் 40 மி.மீ. வித்தியாசம் வருவது சாதாரணம். அதனால் மெஷின் நிற்கும் இடத்தில் ஒரு அளவு, சுமையை எடுக்கும் இடத்தில் ஓர் அளவு, வழியில் மூன்று நான்கு அளவு என்று லேசர் மீட்டரால் எடுங்கள். நகரும் பாகங்களின் உச்சிக்கும் மேலே உள்ள தடைக்கும் இடையில் குறைந்தது 75 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

இப்போது ஓர் உதாரணம். கிடைக்கும் உயரம் 2700 மி.மீ. தூக்க வேண்டியது 600 கிலோ கியர்பாக்ஸ், உயரம் 600 மி.மீ., அதன் மேல் இரண்டு பிடிப்பிடங்கள், இடையே 700 மி.மீ. ஏற்ற வேண்டிய டேபிள் தரையிலிருந்து 850 மி.மீ. உயரம், அதில் துருத்தி நிற்கும் கிளாம்ப் போல்ட் 60 மி.மீ. ஆக, சுமையின் அடிப்பாகம் 910 மி.மீ.-ஐத் தாண்ட வேண்டும்.

கூரைக்குக் கீழே 160 மி.மீ. ஆழ ஐ பீம், அதைப் பிடிக்கும் பிளேட் 20 மி.மீ. என்றால் பீமின் அடி 2520-ல் இருக்கும். பீமின் கீழ் விளிம்பில் ஓடும் சக்கர வண்டியான டிராலி 100 மி.மீ. எடுத்துக்கொள்ளும். அதில் கொக்கியால் தொங்கும் 1 டன் கை செயின் பிளாக், கொக்கியிலிருந்து கொக்கி வரை முழுக்கச் சுருங்கிய நிலையில் சுமார் 320 மி.மீ. கீழ்க்கொக்கி 2100-க்கு வந்துவிட்டது. சுமையைக் கொக்கியில் மாட்டும் இரு கால் ஸ்லிங்கை (செயின் அல்லது வடம்) கிடைமட்டத்திலிருந்து 60 பாகையில் போட்டால் அதன் உயரம் 606 மி.மீ. மிஞ்சியது 1494. அதில் கியர்பாக்ஸ் 600 போனால் அடிப்பாகம் 894-ல் நிற்கும். தேவை 910. பதினாறு மி.மீ. குறைகிறது. அதற்கு மேல் 50 மி.மீ. கூடுதல் இடமும், சுமையேறும்போது பீம் தாழும் சில மி.மீ.-ம் வேண்டும்.

இந்த இடத்தில் பெரும்பாலோர் விலை கூடிய லோ ஹெட்ரூம் ஹாய்ஸ்ட் (பீமுக்கும் கொக்கிக்கும் இடையே குறைந்த உயரமே எடுக்கும் வகை) பக்கம் போய்விடுகிறார்கள். ஆனால் மேலே உள்ள எண்களைத் திரும்பப் பாருங்கள். ஹாய்ஸ்டும் டிராலியும் சேர்ந்து எடுத்தது 420. ஸ்லிங் மட்டும் எடுத்தது 606. உயரத்தை மலிவாக மீட்கும் இடம் கொக்கிக்குக் கீழேதான். அங்கே தொடங்காமல் மேலே கை வைப்பது தவறான வரிசை என்பது என் திடமான கருத்து.

கொக்கிக்குக் கீழே

அதே ஸ்லிங்கை 45 பாகைக்கு இறக்கினால் உயரம் 606-லிருந்து 350 ஆகும். ஒரே மாற்றத்தில் 256 மி.மீ. கிடைத்துவிட்டது. கால் நீளம் 700-லிருந்து சுமார் 500 மி.மீ. ஆகக் குறைய வேண்டும், அவ்வளவுதான். இதற்குக் கொடுக்கும் விலை இழுவிசையில் இருக்கிறது. 60 பாகையில் ஒவ்வொரு காலிலும் 346 கிலோ. 45 பாகையில் 424 கிலோ. 30 பாகைக்கு இறக்கினால் உயரம் 202 மி.மீ. மட்டுமே, ஆனால் ஒவ்வொரு காலும் முழு 600 கிலோவைச் சுமக்கும். கிடைமட்டத்திலிருந்து 30 பாகைக்குக் கீழே போகவே கூடாது. அதற்குக் கீழே கோணம் சிறிது சரிந்தாலும் இழுவிசை வேகமாக ஏறிவிடும்.

கோணம் குறையும்போது பலரும் ஸ்லிங்கின் திறனை மட்டும் பார்க்கிறார்கள். முதலில் தோற்பது பெரும்பாலும் ஐபோல்ட், அதாவது சுமையில் திருகி மாட்டும் வளையத் தலை போல்ட். டிஐஎன் 580 என்ற ஜெர்மன் தரத்து எம்16 ஐபோல்ட் நேர்மேலே இழுத்தால் 700 கிலோ, 45 பாகையில் இழுத்தால் 500 கிலோ. நம் உதாரணத்தில் 424 கிலோ என்பதால் தப்பிக்கிறது. ஆனால் போல்ட்டின் தோள்பட்டை (வளையத்துக்கு அடியிலுள்ள அகன்ற பகுதி) சுமையின் முகத்தோடு முழுக்கப் பதிந்திருக்க வேண்டும், வளையத்தின் தளம் ஸ்லிங் இழுக்கும் திசையிலேயே இருக்க வேண்டும். கடைசி வரை இறுக்கியபின் வளையம் குறுக்காக நின்றால், பின்னால் திருகித் தளர்த்தாதீர்கள். மெல்லிய ஷிம் வாஷர் போட்டு நேராக்குங்கள். தோள் இல்லாத வளையக் கம்பி போல்ட்டைக் கோணத்தில் இழுக்கவே கூடாது. சாய்வான இழுவை தினசரி வேலையாக இருந்தால், எல்லாத் திசைக்கும் திறன் குறிக்கப்பட்ட சுழல் வளையங்களை வாங்கிவிடுங்கள். அவை சற்று உயரமானவை, அதையும் கணக்கில் சேருங்கள்.

சாய்ந்த ஸ்லிங் சுமையை உள்நோக்கி நெரிக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். 45 பாகையில், ஒவ்வொரு பிடிப்பிடத்திலும் 300 கிலோ அளவுக்கு உள்ளிழுப்பு வரும். மெல்லிய தகட்டுக் கவசம், அலுமினிய உறை, உயர்ந்த கண்ட்ரோல் பெட்டி இருக்கும் சுமைகளுக்கு இது ஆகாது.

அப்படிப்பட்ட சுமைக்கும், அடிக்கடி தூக்கும் ஒரே மாதிரிச் சுமைக்கும் சரியான விடை லிஃப்டிங் பீம். நடுவில் ஒரே காது, இரு முனையிலும் நேர்கீழே தொங்கும் ஷேக்கிள் (பின் போட்டுப் பூட்டும் இணைப்பு வளையம்). 700 மி.மீ. இடைவெளிக்கும் 600 கிலோவுக்கும் ஏற்றதை ஷேக்கிளோடு சேர்த்து 200 மி.மீ. உயரத்துக்குள் அடக்கலாம். 606-லிருந்து 200 என்றால் 400 மி.மீ. லாபம், அதோடு ஐபோல்ட்டும் நேர்மேலே இழுபடும். இதை ஸ்ப்ரெடர் பீமோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஸ்ப்ரெடருக்கு மேலேயும் இரு கால் ஸ்லிங் வேண்டும், அது தாழ்ந்த கூரைக்கு உதவாது. லிஃப்டிங் பீம் நடுவில் வளைவைத் தாங்க வேண்டும் என்பதால் ஒரே சுமைக்கு ஸ்ப்ரெடரைவிடக் கனமாக இருக்கும். கிடைத்த சேனலை வெட்டிப் பற்றவைத்துப் பயன்படுத்தாதீர்கள். வடிவமைத்துக் கணக்கிட்டு, சோதித்து, திறனும் சொந்த எடையும் அதன் மேலேயே பொறிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பீமின் எடையை ஹாய்ஸ்ட் திறனிலிருந்து கழிக்க மறக்காதீர்கள்.

இன்னும் சின்னச் சின்ன இடங்களிலும் உயரம் போகிறது. குட்டையான டி ஷேக்கிள் போதுமான இடத்தில் மாட்டிய வில் ஷேக்கிள், தேவையில்லாத இடத்தில் மாட்டிய இணைப்பு வளையம், கொக்கிக்கும் ஸ்லிங்குக்கும் நடுவே தொங்கும் எடை மீட்டர். தாழ்ந்த கூரையில் தொங்கு எடை மீட்டர் நிரந்தரமாக மாட்டி வைக்கத் தக்கதல்ல.

ஹாய்ஸ்டின் வரைபடத்தைப் படிப்பது

கொக்கிக்குக் கீழே எடுக்க வேண்டியதை எடுத்த பிறகும் உயரம் போதவில்லை என்றால்தான் மேலே பார்க்க வேண்டும்.

முதல் படி மலிவானது. டிராலியில் கொக்கியால் தொங்கவிடாமல், ஹாய்ஸ்டின் மேல் கொக்கியைக் கழற்றிவிட்டு டிராலியோடு நேரடியாகப் பின் போட்டு இணைக்கும் மாதிரியை வாங்குங்கள். இதனால் மட்டும் 50 முதல் 100 மி.மீ. கிடைக்கும். அந்த ஹாய்ஸ்ட்டுக்காகவே தயாரித்த இணைப்புதான் வேண்டும். கொக்கியைக் கழற்றிவிட்டுப் பட்டறையில் பிளேட் பற்றவைப்பது வேண்டாம்.

இரண்டாவது, செயின் எத்தனை வரிசையில் ஓடுகிறது என்று பாருங்கள். எலெக்ட்ரிக் செயின் ஹாய்ஸ்டுகளில் 500 கிலோ ஒற்றைச் செயின் உடலையே இரட்டைச் செயினாகக் கோத்து 1 டன் என்று விற்பது வழக்கம். இரட்டைச் செயினில் கீழே ஒரு கப்பியோடு கூடிய கனமான கொக்கிக் கட்டை வருவதால் உயரம் கூடுதலாகப் போகும், வேகமும் பாதியாகும். தாழ்ந்த கூரைக்கு ஒற்றைச் செயினில் 1 டன் தூக்கும் பெரிய உடலே நல்லது. இரட்டைச் செயினில் இன்னொரு ஆபத்தும் உண்டு. செயின் தளர்ந்து கிடக்கும்போது கொக்கிக் கட்டை இரு செயின்களுக்கு நடுவே ஒரு முறை புரண்டுவிட்டால், செயின் முறுக்கோடு ஏறும். ஒவ்வொரு கண்ணியும் வளைந்து உடையும் நிலைக்குப் போகும். தரையில் கொக்கியைக் கிடத்தும் பழக்கம் உள்ள பட்டறைகளில் இது அடிக்கடி நடக்கிறது.

மூன்றாவது, அசல் லோ ஹெட்ரூம் ஹாய்ஸ்ட். இதில் ஹாய்ஸ்டின் உடல் பீமுக்கு நேர்கீழே இல்லாமல், பீமின் நீளவாக்கில் ஒரு பக்கம் தள்ளி டிராலியோடு ஒன்றாக அமைந்திருக்கும். செயின் சிறு கப்பிகள் வழியே திரும்பி வந்து, கொக்கி உடலின் பக்கத்தில் பீம் வரை ஏறும். 1 டன் கை இயக்க மாதிரிகளில் பீமின் அடியிலிருந்து கொக்கி வரை சுமார் 210 மி.மீ. வரை இறங்குகிறது. நம் கணக்கில் 420 இருந்த இடம் அது. வழக்கமான எலெக்ட்ரிக் ஹாய்ஸ்டோடு ஒப்பிட்டால் லாபம் இன்னும் அதிகம். வயர் ரோப் ஹாய்ஸ்டிலும் இதே வகை உண்டு, டிரம் ஒரு பக்கமும் எதிர் எடை மறுபக்கமும் இருக்கும்.

லாபம் இலவசமாக வருவதில்லை. வரைபடத்தில் நான்கு எண்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று, பீமின் முனைக்கு எவ்வளவு அருகே கொக்கி போக முடியும் என்பது. உடல் நீளமாக இருப்பதால் ஒரு பக்கம் கணிசமான தூரம் கொக்கிக்கு எட்டாமல் போகும். சுவரை ஒட்டி மெஷின் இருந்தால் உடல் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். இரண்டு, பீமின் அகலம் எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பது. மூன்று, வளைந்த பாதை என்றால் குறைந்தபட்ச வளைவு ஆரம். நீண்ட டிராலி இறுக்கமான வளைவில் திரும்பாது. நான்காவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை: ஹாய்ஸ்டின் உடலில் ஆகக் கீழே தொங்கும் பாகம் கொக்கியைவிட எவ்வளவு கீழே இருக்கிறது? மோட்டார், கண்ட்ரோல் பெட்டி, செயின் பை இவை கொக்கிக்குக் கீழே தொங்கும் மாதிரிகள் உண்டு. அகலமான, மேற்புறம் தட்டையான சுமையைக் குட்டையான லிஃப்டிங் பீமில் தூக்கினால், கொக்கி மேலே எட்டுவதற்கு முன் சுமை போய் மோட்டாரில் இடிக்கும். காகிதத்தில் கிடைத்த 200 மி.மீ. அந்தச் சுமைக்குக் கிடைக்காது. சுமையின் மேல்முக வெளிவட்டத்தை ஒரு அட்டையில் அளவோடு வெட்டி, ஹாய்ஸ்ட் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால் இது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பக்கவாட்டில் இழுப்பது எந்த ஹாய்ஸ்டுக்கும் கூடாது. லோ ஹெட்ரூமில் அது இன்னும் கெடுதல். செயின் திரும்பும் கப்பியின் பள்ளம் ஒரு பக்கமாகத் தேயும், செயின் பள்ளத்திலிருந்து ஏறிக் குதிக்கும். சுமை பீமுக்கு நேர்கீழே இல்லையென்றால் முதலில் தரையில் ஸ்கேட் (சிறு உருளை வண்டி) வைத்து நகர்த்தி நேர்கீழே கொண்டுவந்து பிறகு தூக்குங்கள்.

எலெக்ட்ரிக் என்றால் இரு வேகம் கட்டாயம். நிமிடத்துக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடும் ஹாய்ஸ்ட், ஒன்றரை மீட்டர் உயரத்தைச் சுமார் 11 வினாடியில் முடித்துவிடும். கை பட்டனிலிருந்து எடுப்பதற்குள் மேலே முட்டும். நிமிடத்துக்கு 8 மீட்டரும் 2 மீட்டரும் உள்ள மாதிரியில் கடைசி அரையடியை மெதுவாகக் கொண்டுபோகலாம். மேல் லிமிட் சுவிட்ச் என்பது அவசரத் தற்காப்பு. ஒவ்வொரு முறையும் அதில் முட்டித்தான் நிறுத்த வேண்டியிருந்தால் கணக்கில் உயரம் போதவில்லை என்று பொருள். ஸ்லிப் கிளட்ச் (விசை மிஞ்சினால் வழுக்கிவிடும் பாகம்) மட்டுமே உள்ள ஹாய்ஸ்டில் இப்படித் தினமும் முட்டினால் கிளட்ச் தேய்ந்து, பிறகு சாதாரணச் சுமையே வழுக்கும்.

ஹாய்ஸ்டை எவ்வளவு கடுமையாக ஓட்டலாம் என்று சொல்லும் டியூட்டி வகுப்பையும் இதே கண்ணோடு பாருங்கள். எம்3 வகுப்பு மோட்டார் 25 சதவீத நேரம் ஓடலாம், மணிக்கு 150 முறை ஸ்டார்ட் ஆகலாம். எம்4-க்கு 30 சதவீதமும் 180-ம், எம்5-க்கு 40 சதவீதமும் 240-ம். உயரம் குறைந்த இடத்தில் ஓடும் நேரம் எல்லையைத் தொடாது, தட்டித் தட்டி நிறுத்தும் எண்ணிக்கைதான் தொடும். ஒரு சுமையை டேபிளில் சரியாக அமர்த்த 20 தட்டு என்றால், மணிக்கு 8 சுமையிலேயே 160 ஆகிவிடும். எம்3 அங்கே சூடேறி நிற்கும். தகரக் கூரைக்கு ஓரடி கீழே தொங்கும் மோட்டார் பகல் முழுக்கச் சூடான காற்றில்தான் இருக்கும். பெரும்பாலான மோட்டார்கள் 40 பாகை செல்சியஸ் சுற்றுவெப்பத்துக்கே மதிப்பிடப்பட்டவை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எம்4-க்குக் கீழே வாங்காமலிருப்பது நல்லது.

வாரத்துக்கு இரண்டு முறை தூக்கும் வேலைக்குக் கை செயின் பிளாக்கே போதும். ஆர்டர் செய்யும்போது தூக்கு உயரத்தை 2 மீட்டர் என்று சொல்லி வாங்குங்கள். வழக்கமான 3 மீட்டர் செயின் வந்தால், ஏறிய நிலையில் மிஞ்சும் செயின் சுமையின் மேல் விழுந்து சிக்கும். லிவர் ஹாய்ஸ்ட் குட்டையானது, படுக்கையாகவும் இழுக்கும், ஆனால் கையால் எட்டும் உயரத்தில்தான் இயக்க முடியும். அதன் பிரேக் சுமையின் இழுப்பால் இறுகுவது, அதனால் மிக லேசான எடைக்கு அதை நம்ப வேண்டாம்.

பீமும் அது எதில் தொங்குகிறது என்பதும்

பீமின் ஆழமும் உயரத்தைத் தின்னும். 4 மீட்டர் இடைவெளியில், ஹாய்ஸ்டோடு சேர்த்து நடுவில் சுமார் 1100 கிலோ தொங்கினால், ஐபிஇ 160 பீம் 8 மி.மீ. அளவுக்குத் தாழும். அது நீளத்தில் 500-ல் ஒரு பங்கு. மோனோரயிலுக்கு (ஹாய்ஸ்ட் ஓடும் ஒற்றைப் பீம்) 450-ல் ஒரு பங்கு என்ற வழக்கமான வரம்புக்குள் வந்துவிடுகிறது. அகலமான எச்இபி 120 பீமும் கிட்டத்தட்ட அதே அளவுதான் தாழும், ஆனால் ஆழம் 120 மி.மீ. மட்டுமே. 40 மி.மீ. மிச்சம். மீட்டருக்கு 15.8 கிலோவாக இருந்த எடை 26.7 கிலோவாகும், அதுதான் செலவு. அகலமான விளிம்பு பக்கவாட்டு நெளிவையும் நன்றாகத் தாங்கும். தாழ்வைத் தவிர டிராலிச் சக்கரம் அழுத்தும் இடத்தில் விளிம்பு வளைவதையும் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் சரிபார்க்க வேண்டும். விளிம்பில் துளை போட்டு எதையும் மாட்டாதீர்கள்.

கூரை டிரஸ், பர்லின் (கூரைத் தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) ஆகியவற்றில் ஹாய்ஸ்ட் தொங்கவிடுவதை முதலிலேயே விலக்கிவிடுங்கள். அவை கூரைத் தகட்டையும் காற்றையும் தாங்கக் கணக்கிடப்பட்டவை. கான்கிரீட் தளத்தின் அடியில் எக்ஸ்பான்ஷன் போல்ட் அடிப்பதும் எனக்கு ஏற்புடையதல்ல. தளத்தின் நடுப்பகுதியில் அடிப்புறம்தான் இழுவிசையில் இருக்கிறது, மயிர்க்கோட்டு விரிசல் வருவதும் அங்கேதான், போல்ட்டின் பிடி தளர்வதும் அங்கேதான். மேல்தளம் கைக்கு எட்டினால், தளத்தை ஊடுருவும் போல்ட்டும் மேலே அகலமான பிளேட்டும் போடலாம், அதுவும் கணக்கிட்ட பிறகு. எட்டாவிட்டால் தரையிலிருந்து தூண் எழுப்பி பீமைத் தாங்குங்கள். சுயமாக நிற்கும் சட்டத்துக்கு இன்னொரு வசதி உண்டு: கட்டடத்தின் உத்தரங்களுக்கு இடையிலுள்ள இடைவெளியில் பீமை உயர்த்தி வைத்துக்கொள்ளலாம். உத்தரம் 250 மி.மீ. ஆழமாக இருந்து, வேலை ஓர் இடைவெளிக்குள்ளேயே முடியுமானால், அந்த 250 முழுவதும் லாபம்.

சுவரிலோ தூணிலோ பிடித்துச் சுழலும் கை கொண்ட ஜிப் கிரேனில், மேலே சாய்கம்பி கட்டிய வகை தாழ்ந்த கூரைக்குப் பொருந்தாது. கம்பி ஏறும் உயரம் வீணாகும். கம்பி இல்லாமல் கை மட்டும் நீண்டு நிற்கும் வகைதான் கூரையை ஒட்டி வரும். ஆனால் அது சுவரை எப்படி இழுக்கிறது என்று பாருங்கள். 3 மீட்டர் கையின் நுனியில் 500 கிலோ, சுவர் பிராக்கெட்டுகளுக்கு இடையே செங்குத்தாக 600 மி.மீ. என்றால், மேல் பிராக்கெட்டை 2500 கிலோ விசை சுவரிலிருந்து பிடுங்கும். கையின் சொந்த எடை அதற்கு மேல். செங்கல் சுவர் இதற்கு ஆகவே ஆகாது. தனித்தூண் ஜிப் என்றால் சாதாரணத் தளத்தில் போல்ட் அடித்து முடியாது, தனி அஸ்திவாரம் வேண்டும்.

தரையில் நிற்பவை

மடக்கும் ஹைட்ராலிக் ஷாப் கிரேனை வாங்கும்போது “2 டன்” என்று எழுதியிருப்பது கை முழுக்க உள்ளே இருக்கும்போது மட்டும். முழுக்க நீட்டினால் அதே கிரேன் அரை டன்தான் தூக்கும் என்று கையிலேயே குறித்திருக்கும். கை வில்போல் ஏறுவதால் இன்னொரு சிக்கல். அச்சு 1.4 மீட்டர் உயரத்தில், கை நீளம் 1.2 மீட்டர் என்று வைத்தால், 50 பாகை உயர்த்தியதும் நுனி 2.32 மீட்டருக்குப் போகும், கூடவே 430 மி.மீ. தூணை நோக்கிப் பின்வாங்கும். ஏற்றும்போது கிரேனையும் முன்னே தள்ள இடம் வேண்டும், அதன் கால்கள் மெஷினுக்கு அடியில் நுழைய வேண்டும். மெஷினின் அடி இடைவெளியை அளக்காமல் இதை வாங்காதீர்கள். நகர்த்தும்போது சுமையைத் தரையிலிருந்து 100 மி.மீ.-க்கு மேல் வைக்கக் கூடாது.

நகரும் ஏ-ஃபிரேம் கேன்ட்ரியில் (இரு பக்கமும் ‘A’ வடிவக் கால், மேலே பீம்) உயரம் மாற்றும் வகை நல்லது. அதன் காஸ்டர் சக்கரம் சிறியதாக இருந்தால் வடிகால் விளிம்பிலும் தளத்தின் விரிசலிலும் சிக்கி, மேலே சுமை ஆடும். தயாரிப்பாளர் அனுமதித்தால் மட்டுமே சுமையோடு நகர்த்தலாம், அதுவும் கால்களின் அடியைப் பிடித்துத் தள்ளி.

மேலிருந்து தூக்கத்தான் வேண்டுமா?

இதை முதலிலேயே கேட்டிருக்கலாம் என்று தோன்றலாம். ஆனால் மேலே உள்ள கணக்கைப் போட்ட பிறகுதான் இந்தக் கேள்விக்கு எடை வருகிறது. அடியிலிருந்து தாங்கும் கருவிக்கு ஸ்லிங் உயரமும் இல்லை, ஹெட்ரூமும் இல்லை. பிரஸ் டை மாற்ற, மெஷின் வைஸ் ஏற்ற, மோட்டாரை பேஸ்பிளேட்டில் அமர்த்த, கத்தரிக்கோல் லிஃப்ட் டேபிளே சிறந்தது. சுருங்கிய உயரத்தைப் பாருங்கள். 80 மி.மீ. அளவுக்குத் தாழும் மாதிரிகள் உண்டு. மேலே உருளைகளோ பந்து டிரான்ஸ்ஃபரோ பொருத்தி, டேபிளை மெஷின் மட்டத்துக்கு ஏற்றி, சுமையை நழுவவிட்டு உள்ளே தள்ளலாம். நழுவும்போது எடை முழுவதும் டேபிளின் ஒரு விளிம்பில் வரும். அந்த விளிம்புச் சுமைக்கான திறன் தனியாகத் தரப்பட்டிருக்கும், பெரும்பாலும் முழுத் திறனைவிட மிகக் குறைவு. டேபிள் பின்னோக்கி நகராமல் மெஷினோடு கொக்கி போட்டுப் பிணைப்பதும், உருளைக்கு ஸ்டாப்பர் வைப்பதும் கட்டாயம்.

லேத் சக்குக்கு எந்த ஹாய்ஸ்டும் வேண்டியதில்லை. லேத் பெட் (அடித்தளம்) மேலுள்ள வழித்தடத்திலேயே அமரும் மரத் தொட்டில் ஒன்றைச் சக்கின் விட்டத்துக்கு ஏற்பச் செய்து, ஸ்பிண்டில் மட்டத்துக்கு வரும்படி உயரம் வைத்தால், 315 மி.மீ. சக்கைக்கூட உருட்டிக்கொண்டுபோய்ப் பூட்டலாம். தொட்டில் மேல் ஏற்றுவதற்கு மட்டும் லிஃப்ட் டேபிள் போதும்.

ஸ்டாக்கரையோ ஃபோர்க்லிஃப்டையோ தாழ்ந்த கூரைக்குள் கொண்டுவருவதானால் ஃபோர்க்கை ஏற்றும் நிமிர்ந்த சட்டமான மாஸ்டின் ஃபுல் ஃப்ரீ லிஃப்ட் எண்ணைப் பாருங்கள். சாதாரண இரு கட்ட மாஸ்டில் ஃபோர்க் சிறிது ஏறியதுமே மாஸ்டின் உள்சட்டமும் மேலே நீளத் தொடங்கிவிடும். ஃபுல் ஃப்ரீ லிஃப்டில் மாஸ்ட் நீளாமலே ஃபோர்க் நல்ல உயரம் ஏறும்.

கார் லிஃப்டுக்குக் கணக்கு எளிது. கூரை 2700, கார் 1450, மேலே இடைவெளி 100 என்றால் ஏற்ற முடிவது 1150 மி.மீ. நின்றுகொண்டு அடியில் வேலை செய்ய முடியாது. நடுத்தர உயரக் கத்தரிக்கோல் லிஃப்டும் உருளும் ஸ்டூலும்தான் வழி. திறந்திருக்கும் டிக்கி மூடியையும் கூரைக் கேரியரையும் கணக்கில் சேர்த்து, கூரை நெருங்கினால் லிஃப்டை நிறுத்தும் சென்சாரைப் பொருத்துங்கள்.

மாட்டிய பிறகு

கூரையை ஒட்டிய ஹாய்ஸ்டைப் பராமரிக்கக் கை நுழைய இடமிருக்காது. பிரேக் மூடியைக் கழற்றவும் லிமிட் சுவிட்சைச் சரிசெய்யவும் எண்ணெய் ஊற்றவும் எந்தப் பக்கம் இடம் வேண்டுமென்று மாட்டும் முன்பே பார்த்து, பீமின் ஒரு முனையில் அந்த வேலைக்கு ஏற்ற இடத்தை விட்டு வையுங்கள். செயினில் எண்ணெய் கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும் உட்பக்கத்துக்குப் போக வேண்டும், வெளியே பூசினால் பயனில்லை. புதிதாக இருக்கும்போதே 11 கண்ணிகளின் நீளத்தை வெர்னியரால் அளந்து எழுதி வைத்துவிடுங்கள். அது 2 சதவீதம் நீண்டாலோ, கண்ணியின் விட்டம் 10 சதவீதம் தேய்ந்தாலோ செயினை மாற்ற வேண்டும். தயாரிப்பாளர் கையேடு இன்னும் இறுக்கமான வரம்பு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். கொக்கியின் வாய் முதல் அளவிலிருந்து 5 சதவீதம் விரிந்தாலோ, கண்ணுக்குத் தெரியும் முறுக்கு இருந்தாலோ கொக்கி முடிந்தது. அதைச் சூடுகாட்டி நிமிர்த்துவதும் பற்றவைப்பதும் கூடாது.

முதல் சுமைக்கு முன், பீமின் இரு முனையிலும் ஸ்டாப்பர் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பகுதியின் விதிகள் கேட்கும் சோதனையைத் தகுதியுள்ளவர் செய்ய வேண்டும். கிரேன்களுக்கு வழக்கமாகத் திறனில் 125 சதவீதச் சுமையைத் தரையிலிருந்து சற்றே தூக்கி நிலையாக நிறுத்திப் பார்ப்பார்கள், பிறகு 110 சதவீதத்தோடு எல்லா அசைவுகளையும் ஓட்டிப் பார்ப்பார்கள். திறனளவுச் சுமை நடுவில் தொங்கும்போது பீம் எத்தனை மி.மீ. தாழ்கிறது என்று அளந்து, சுமையை இறக்கியதும் பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாவிட்டால் பீமோ அதன் பிடிப்போ நகர்ந்திருக்கிறது. காரணம் தெரியும் வரை அந்த ஹாய்ஸ்டில் எதையும் தூக்கக் கூடாது.